சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் நவம்பர் கடைசியில் உள்ளான்கள் காணாமல் போவது ஏன்?

சேற்றைக் கொத்தி இரை தேடும் இந்த வலசைப் பறவைகள் வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பவில்லை, தண்ணீர் ஏறியதால் இடம் மாறியிருக்கின்றன. அக்டோபரில் கூட்டமாக இருந்தது, இப்போது ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள். இடையில் பெய்த மழைதான் காரணமாக இருக்கும். உள்ளான்களில் மிகச் சிறியதான கொசு உள்ளானுக்கு 3, 4 செ.மீ. ஆழத்துக்கு மேல் போனால் கால் எட்டாது. சேற்றைக் கொத்தவும் முடியாது.

ஆழம் பார்க்க எளிய வழி: நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் காலைக் கவனியுங்கள். வயிறு வரை முங்கியிருந்தால் அங்கே 15 செ.மீ.க்கு மேல் தண்ணீர். சின்ன உள்ளானைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். காலில் முக்கால்வாசி வெளியே தெரிந்தால், அங்கிருந்து கரைப் பக்கமாகத் தொலைநோக்கியை மெதுவாக நகர்த்துங்கள்.

அக்கம்பக்கத்தில் புதிதாக உழுது நீர் கட்டிய வயல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்புதான்.

ஒன்று மட்டும்: சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆழம் கூடியது வாத்துகளுக்கு லாபம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் மூன்றையும் இப்போது தேடலாம்.