தாராவா பலகை விளையாட்டு: கடலுக்கு ஆழம் கொடுங்கள்

கேள்வி: 1943இல் பசிபிக் கடலின் தாராவா பவளத்தீவுக் கூட்டத்தில் அமெரிக்கர்கள் கரையிறங்கிய சண்டையை வைத்துப் பலகை விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஆடிப் பார்த்தால், முதல் சுற்றிலேயே போர்க்கப்பல் பீரங்கிகள் ஜப்பானியக் காவலைத் துடைத்துவிடுகின்றன. விதிகளை எங்கே திருத்துவது?

பதில்: நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் கடல் முழுக்க ஒரே நீலம். பிழை அங்கேதான் இருக்கிறது. பீரங்கியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாராவாவில் சண்டை நடந்த பெடியோ தீவு ஐந்து கிலோமீட்டர் நீளம்கூட வராது. அதைச் சுற்றி, கரையிலிருந்து 500 மீட்டருக்கும் அப்பால்வரை பவளத்திட்டு விரிந்து கிடக்கிறது. ஆட்களை ஏற்றிய ஹிகின்ஸ் எனும் கரையிறங்கு படகு மிதக்க மூன்றரை அடிக்கு மேல் தண்ணீர் வேண்டும். நவம்பர் 20 காலையில் திட்டின் மேல் அவ்வளவு நீர் இல்லை. தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். போதாததற்கு நிலவு பூமியை விட்டு வெகுதொலைவில் இருந்தது. ஏற்றவற்றம் அடங்கிப் போய், உயர வேண்டிய நேரத்திலும் கடல் உயரவில்லை. அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த மேஜர் ஃபிராங்க் ஹாலண்ட் இதை முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

சங்கிலிச் சக்கரத்தில் திட்டின் மேலேயே ஊர்ந்து ஏறும் ஆம்ட்ராக் ஊர்திகள் 125 இருந்தன. முதல் மூன்று அலைகளாகத் தாக்கப் போன வீரர்கள் அவற்றில் கரை சேர்ந்தார்கள். பின்னால் படகில் வந்தவர்கள் திட்டின் விளிம்பில் தட்டி நின்றார்கள். மார்பளவு தண்ணீரில் இறங்கி, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே நடந்தார்கள். முதல் நாள் கரையேறப் புறப்பட்ட சுமார் 5,000 பேரில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

ஆகவே திட்டைத் தனி நிறத்தில் வரைந்து, அதன் மேல் உள்ள நீர்மட்டத்தை ஒரு கவிழ்த்த அட்டையில் வையுங்கள். முதல் படகு திட்டைத் தொடும்போதுதான் அதைத் திருப்ப வேண்டும். தாயக்கட்டை வேண்டாம், தாக்குபவர் எத்தனை ஆம்ட்ராக்கை எந்த அலைக்கு ஒதுக்குவது என்று முன்பே தவிக்க வேண்டும், ஆட்டத்தின் உயிர் அதுதான். சண்டை முடிவதற்குள் அந்த ஊர்திகளில் சுமார் 90 அழிந்துபோயின என்பதால் தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி பீரங்கி. தென்னந்தடி, பவள மணல், கான்கிரீட் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு மூடிய பதுங்கரண்களை, கிடைமட்டமாகப் பாய்ந்த குண்டுகள் பெரும்பாலும் உடைக்கவில்லை. ஆனால் வெளியே கிடந்த தொலைபேசிக் கம்பிகள் சின்னாபின்னமாயின. ஜப்பானியத் தளபதி ஷிபசாகி முதல் நாளிலேயே இறந்தார். அன்றிரவு கரையோரம் ஒட்டிக்கிடந்த அமெரிக்கர்களைக் கடலில் தள்ளும் பெரிய எதிர்த்தாக்குதல் வரவில்லை. எனவே உங்கள் விளையாட்டிலும் குண்டுவீச்சு காவலர்களைக் கொல்ல வேண்டாம். அவர்களின் கட்டளை அட்டைகளைப் பறிக்கட்டும். அமெரிக்கத் தரப்புக்கும் இதே தண்டனை உண்டு: கடல்நீரில் நனைந்த வானொலிக் கருவிகள் பல ஊமையாகிவிட்டன. கரையில் நடப்பதைக் கப்பலில் இருப்பவர் ஒரு சுற்று தாமதமாகவே அறியலாம் என்று விதி எழுதுங்கள். எனக்குப் பிடித்த விதி இதுதான், ஆடுபவர்கள் திட்டுவார்கள்.

வெற்றியை "தீவைப் பிடித்தால் போதும்" என்று வைக்காதீர்கள். 76 மணி நேரத்தில் தீவு எப்படியும் விழுந்தது. சுமார் 1,000 அமெரிக்க உயிர்கள் போயின. அந்த எண்ணிக்கைக்குக் கீழே முடித்தால்தான் தாக்குபவருக்கு வெற்றி என்று வையுங்கள். நீர்மட்ட அட்டையை இரண்டாம் நாள் நண்பகல் சுற்றில் மாற்றுங்கள். கடல் உயர்ந்து படகுகள் திட்டைக் கடக்கத் தொடங்கியது அப்போதுதான்.