மரபணுச் சுற்றுகள்: கேள்வி பதில் (ஈ. கோலை பாக்டீரியா மட்டும்)

மரபணுச் சுற்று என்றால், மின்சுற்றுபோல ஒன்றையொன்று முடுக்கவோ அடக்கவோ சேர்த்த மரபணுக்கள்.

கே: தனித்தனியே ஒழுங்காக வேலை செய்த பாகங்கள், சேர்த்ததும் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

முதலில் பாகங்கள் சேரும் சந்தியைப் பாருங்கள். புரொமோட்டரை (மரபணு நகலெடுப்பு தொடங்கும் டிஎன்ஏ பகுதி) மாற்றினால், அந்த நகலான எம்ஆர்என்ஏவின் முன்முனையும் மாறும். அது ஆர்பிஎஸ் (ரைபோசோம் ஒட்டும் இடம்) மீது மடிந்துகொண்டால், புரதம் செய்யும் ரைபோசோம் ஏற முடியாது. புரொமோட்டருக்கும் ஆர்பிஎஸ்ஸுக்கும் நடுவே ரைபோஜே போல தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ரைபோசைமை (நொதிபோல் வேலை செய்யும் ஆர்என்ஏ) வையுங்கள். எந்தப் புரொமோட்டர் வந்தாலும் முனை ஒன்றேதான்.

அடுத்தது சுமை. எப்போதும் ஒளிரும் ஒரு ஜிஎஃப்பியை (பச்சை ஒளிர் புரதத்தின் மரபணு) குரோமோசோமில் பதியுங்கள். சுற்றை முடுக்கியதும் அந்த ஒளி மங்கினால், ரைபோசோம்களை உங்கள் சுற்று தின்கிறது என்று அர்த்தம். ஆர்பிஎஸ்ஸின் பலத்தைக் குறையுங்கள். புரொமோட்டரைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். எதைத் தொடுமுன்னும் முடுக்காத நிலையின் கசிவை, அதாவது தானாக வரும் வெளியீட்டை, அளந்துவிடுங்கள்.

கே: டாகிள் சுவிட்ச் (ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்கள்) ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது.

ஒரு ரிப்ரஸர் (மரபணுவை அடக்கும் புரதம்) மற்றதை அமுக்குகிறது. பலசாலியின் ஆர்பிஎஸ்ஸை மட்டும் படிப்படியாகப் பலவீனப்படுத்திப் பல வகை செய்து பாருங்கள். முடுக்கும் வேதிப்பொருளான ஐபிடிஜியைக் கழுவிய பிறகும் நிலை நிற்கிறதா என்பதே சோதனை. மறுபக்கத்தின் முடுக்கும் பொருள் ஏடிசி என்றால் வெளிச்சம் படாமல் வையுங்கள், அது சிதையும். கசிவை அளந்தீர்களா?

கே: ஐபிடிஜியைக் குறைத்தால் ஒளி பாதியாகிறது. நல்லதுதானே?

பிளேட் ரீடர் எல்லாச் செல்களின் ஒளிச் சராசரியைத்தான் சொல்லும். லாக்ஒய் (ஐபிடிஜியை உள்ளே இழுக்கும் புரதம்) உள்ள செல்களில் பாதி முழுக்க எரிந்து, பாதி அணைந்திருக்கலாம். ஒவ்வொரு செல்லின் ஒளியையும் தனியே அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுங்கள். இரண்டு மேடு தெரிந்தால் லாக்ஒய் நீக்கிய இனத்துக்கு மாறுங்கள்.

கே: ரிப்ரஸருக்கெல்லாம் எஸ்எஸ்ஆர்ஏ வால் (புரதத்தைச் சிதைக்கச் சொல்லும் அடையாளம்) ஒட்டலாமா? 2000-ல் வந்த ரிப்ரஸிலேட்டரில் (மூன்று ரிப்ரஸர்கள் வளையமாக அடக்கி அலையும் சுற்று) இருந்ததே.

இருந்தது. ஆனால் வால் உள்ள புரதங்கள் எல்லாம் புரதம் சிதைக்கும் ஒரே நொதியான கிளிப்எக்ஸ்பியின் வாசலில் வரிசை கட்டும். ஒன்று பெருகினால் மற்றதன் சிதைவு தாமதமாகும். நீங்கள் வரையாத இணைப்பு அது.

கே: வால் இல்லாவிட்டால் மந்தமாகிவிடாதா?

ஆகும். நிலையான புரதம் செல் பிரிந்தால்தான் பாதியாகும், அதாவது ஒரு தலைமுறை நேரம். இருந்தும் ரிப்ரஸிலேட்டரின் 2016-ல் வந்த வடிவத்தில் சிதைவைக் கைவிட்டு, அதன் ஒரு ரிப்ரஸரான டெட்ஆர் ஒட்டும் இடங்களை ஒரு பிளாஸ்மிடில் (தனி டிஎன்ஏ வளையம்) கூடுதலாகத் தந்தபோது அலைவு மிகச் சீரானது. வேகம் வேண்டுமா, ஒழுங்கு வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கே: அப்படியென்றால் வாலே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. அறிவிக்கும் புரதம் சீக்கிரம் அணைய வேண்டுமென்றால் அதில் ஒட்டலாம், அந்த வரிசையைக் கணக்கில் வைத்து.

கே: மூன்று நாளில் சுற்று செத்துவிடுகிறது.

ஒரே டெர்மினேட்டரை (நகலெடுப்பை நிறுத்தும் டிஎன்ஏ பகுதி) இரண்டு இடத்தில் வைத்தீர்களா? ஒரே மாதிரியான இரண்டையும் செல் ஒட்டி, நடுவில் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். வேறு வேறு டெர்மினேட்டர், ரெக்ஏ (அப்படி ஒட்டும் புரதம்) இல்லாத இனம், ஒவ்வொரு முறையும் உறையவைத்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து புதிதாக.

கே: மனித செல்லில்?

தலைப்பைப் பாருங்கள்.

கே: முடுக்காமலே என் சுற்று ஒளிர்கிறது, ஏன்?

கசிவு. முதல் பதில், கடைசி வரி.