தேம்ஸ் கரையில் கிடைத்த தொப்பி வில்லை ராயல் நேவியுடையதா?

உறுதியாகச் சொல்ல முடியாது, பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரியின் தொப்பி வில்லையாகவும் இருக்கலாம். நீங்கள் சொல்லும் நங்கூரம், இலை வளையம், மேலே கிரீடம் மூன்றும் ராயல் நேவியிலும், அதாவது பிரிட்டிஷ் கடற்படையிலும் உண்டு. குழப்பம் அதனால்தான்.

கிரீடத்தை மட்டும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ராயல் நேவி என்றால் உச்சியில் சிலுவை வைத்த அரச கிரீடம். வணிகக் கப்பல் என்றால் கிரீடத்தின் வட்டப் பட்டைமேல் பாய் ஒன்று, கப்பலின் பின்புறம் ஒன்று என மாறி மாறி நிற்கும். சேறு அப்பியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், எச்சரிக்கை!

வணிகக் கப்பல்களுக்குப் பொதுச் சீருடை 1918இல்தான் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் பெரிய நிறுவனங்கள் சொந்த வில்லை வைத்திருந்தன. நடுவில் நங்கூரத்துக்குப் பதில் உலக உருண்டையைப் பிடித்த சிங்கம் இருந்தால் அது கூனார்ட் கப்பல் நிறுவனத்துடையது. பின்பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், வினிகர், எலுமிச்சை எதுவும் போடாதீர்கள், எனாமல் கெட்டுவிடும். வெறும் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் தேய்த்தால் போதும். தேம்ஸ் கரையில் இப்படித் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதியும் வேண்டும், தோண்டாமல் கண்ணால் பார்த்துப் பொறுக்கினாலும் சரி.