கிளம்புவதா, இருப்பதா?

ஜூன் 1 பிறந்தால் அட்லாண்டிக் சூறாவளிக் காலம். நவம்பர் 30 வரை போகும். டெக்சஸ் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளே இந்த முறை அதிகம். ஹூஸ்டனில் வடிகால் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நமது வாசகர் பதில் சொல்கிறார்.

*

ஐயா, 2017இல் ஹார்வி புயல் வந்தபோது கவர்னர் ஒன்று சொன்னார், ஹூஸ்டன் மேயர் வேறொன்று சொன்னார். நாங்கள் அப்போது டாலஸில் இருந்ததால் டிவியில் பார்த்ததோடு சரி. இப்போது சுகர் லேண்டில் வீடு வாங்கியிருக்கிறோம். மறுபடி அப்படி ஆனால் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, சுகர் லேண்ட்

உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் பக்கம் கரை ஏறியது. அன்றைக்குக் கவர்னர் கிரெக் அபாட், உத்தரவு இல்லாவிட்டாலும் கிளம்புவதைப் பற்றித் தீவிரமாக யோசியுங்கள் என்றார். மேயர் சில்வெஸ்டர் டர்னரும் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியின் ஜட்ஜ் எட் எம்மெட்டும் வீட்டிலேயே இருங்கள் என்றார்கள். (இங்கே கவுண்டி ஜட்ஜ் என்பவர் நீதிபதி இல்லை, நம் ஊர் கலெக்டர் மாதிரி, ஆனால் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.) பிறகு ஊரே மூழ்கியதும் மேயரைத் திட்டாத ஆள் இல்லை. நான் அன்றும் திட்டவில்லை, இன்றும் திட்டமாட்டேன்.

காரணம், 2005 செப்டம்பர். கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்து ரீட்டா வருகிறது என்றதும் ஹூஸ்டன் பக்கம் 25 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். ஐ-45 நெடுஞ்சாலையில் நானும் மாட்டினேன். பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே கிட்டத்தட்ட நூறு டிகிரி ஃபாரன்ஹீட். பக்கத்துக் காரில் இருந்த பாட்டிக்கு என் மனைவி ஈரத்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எதிர்ப்பக்கச் சாலை காலியாகக் கிடந்தது. அதை நமக்குத் திறந்துவிடவே வெகுநேரம் ஆயிற்று. டாலஸ் அருகே முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று தீப்பிடித்து, உள்ளே இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்களும் வெடித்து, 23 பேர் இறந்துபோனார்கள். கிளம்பிய வழியில் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்பது கணக்கு. ரீட்டாவோ கடைசி நேரத்தில் கிழக்கே திரும்பி லூசியானா எல்லைப் பக்கம் போய்விட்டது.

டர்னர் கண் முன்னே இருந்தது இதுதான். நகரத்தில் 23 லட்சம் பேர், சுற்றுவட்டாரம் சேர்த்து 65 லட்சம். மழையின் நடுவே அத்தனை பேரையும் தாழ்வான ஃப்ரீவேக்களில் இறக்கிவிட்டால் என்ன ஆகியிருக்கும்? டெக்சஸில் ஹார்வி நேரடியாகப் பலிகொண்டது 68 பேரை. அவர்களில் மூன்று பேர் தவிர மற்ற அனைவரையும் கொன்றது மழை வெள்ளம்; கடல் நீர் ஏறி ஒருவர்கூடச் சாகவில்லை. காரோடு போனவர்கள் பலர்.

ஆகவே புயல் எத்தனையாம் நம்பர் (கேட்டகரி) என்று பார்க்காதீர்கள். அந்த நம்பர் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான். ஹூஸ்டனை மூழ்கடித்த நாட்களில் ஹார்வி சூறாவளி என்ற தகுதியையே இழந்திருந்தது. நகராமல் நின்று கொட்டியது, அவ்வளவுதான். நெடர்லேண்ட் என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. நீங்கள் கேட்க வேண்டியது, நம் வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்பது. கால்வெஸ்டன் மாதிரிக் கரையோரம் என்றால் கடல் நீர். அதற்கு ஜிப் கோடு வாரியாக வரைபடம் இருக்கிறது, முன்கூட்டியே உத்தரவு வரும், வந்ததும் மறுபேச்சு இல்லாமல் கிளம்ப வேண்டும். ஹூஸ்டன் நடுவில் இருப்பவர்களுக்குத் தெருவில் பெய்கிற மழையும் பக்கத்துப் பாயூவும் (ஊருக்குள் மெதுவாக ஓடும் சிற்றாறு). அது எந்தத் தெருவை எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே மாடி இருந்தால் மாடிதான் பாதுகாப்பு.

உங்களுக்கு மூன்றாவது வகை. சுகர் லேண்டில் பல காலனிகள் பிரேசோஸ் ஆற்றின் வெள்ளத் தடுப்புக் கரைக்கு உள்பக்கம் இருக்கின்றன. ஆறு எங்கோ மேலே பெய்த மழையைச் சுமந்துகொண்டு சாவகாசமாக வரும். ஹார்வியில் மழை விட்ட பிறகுதான் பிரேசோஸ் உச்சிக்குப் போனது. உங்கள் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி அதற்குப் பல நாள் முன்பே ஆற்றோரக் காலனிகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. பக்கத்து ஹூஸ்டனில் இருங்கள், இங்கே கிளம்புங்கள், இரண்டுமே சரி. ஆகவே உங்கள் வீடு எந்தக் கரைக் கட்டுப்பாட்டு மாவட்டத்தில் (அந்தத் தடுப்புக் கரையைப் பார்த்துக்கொள்ளும் உள்ளூர் அமைப்பு) வருகிறது என்று வரி ரசீதில் பாருங்கள். அவர்களுடைய எச்சரிக்கைச் செய்திக்கு இன்றைக்கே பதிவு செய்துகொள்ளுங்கள்.

*

என் மகள் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறாள். புயல் என்று செய்தியில் சொன்னாலே எனக்குக் கை கால் ஓடுவதில்லை. உடனே கிளம்பி டாலஸில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போ என்று சொல்கிறேன், கேட்கமாட்டேன் என்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.
– ஒரு தாய், வேளச்சேரி

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. வேளச்சேரிக்காரருக்கு வெள்ளத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியாது. 2017இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் 200 பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டதாக அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜே ட்விட்டரில் எழுதினார்.

ஆனால் கார் இல்லாத பெண்ணை, யாரோ ஒரு சீனியரின் பழைய காரில், மழை தொடங்கிய பிறகு கிளம்பச் சொல்வதுதான் எனக்குப் பயம். மழைக்கு இரண்டு நாள் முன்னால் பேருந்தில் போக முடிந்தால் போகட்டும். இல்லையென்றால் அவள் தரைத்தளத்தில் இருக்கிறாளா, மேல் மாடியில் இருக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். தரைத்தளம் என்றால், இரண்டாம் மாடித் தோழி வீட்டுக்கு பாஸ்போர்ட், ஐ-20 (மாணவர் விசாப் படிவம்), மருந்து, சார்ஜர், நாலு நாள் சாப்பாட்டோடு மழைக்கு முன்பே போய்விட வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். மணிக்கொரு தரம் வீடியோ காலில் கூப்பிட வேண்டாம். கரண்ட் போனால் அந்த போன் பேட்டரி அவளுக்கு மிக முக்கியம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, குறுஞ்செய்தி போதும்.

*

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வீடு பார்க்கிறோம். இது நூறு ஆண்டு வெள்ளப் பகுதியில் இல்லை, வெள்ள இன்சூரன்ஸ் தேவையில்லை என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா?
– வாசகர், ஆஸ்டின்

ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. கடன் கொடுக்கும் வங்கி கட்டாயப்படுத்தாது, அவ்வளவுதான் அதற்குப் பொருள்.

நூறு ஆண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் என்பது இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருஷக் கடன் அடைத்து முடிப்பதற்குள் ஒரு தடவையாவது வர நூற்றுக்கு 26 வாய்ப்பு. அது வரைபடத்தில் அந்த வெள்ளப் பகுதியைக் குறிக்கும் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் கதை. ஹார்வியில் ஹாரிஸ் கவுண்டியில் தண்ணீர் புகுந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. பெரும்பாலானவர்களிடம் வெள்ள இன்சூரன்ஸ் இல்லை.

கேட்டி என்றதால் இன்னொரு விஷயம். 1929, 1935 வெள்ளங்களுக்குப் பிறகு, நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாற்ற ராணுவப் பொறியாளர் படை மேற்கே இரண்டு அணைகள் கட்டியது: பார்க்கர், ஆடிக்ஸ். சாதாரண நாளில் அங்கே தண்ணீரே இருக்காது. பூங்கா, மைதானம், மான்கள். எவ்வளவு தூரம் தண்ணீர் தேங்க முடியுமோ அவ்வளவு நிலத்தையும் அரசு வாங்கவில்லை. மிச்ச நிலத்தில் காலனிகள் வந்தன. ஏரிக்குள் வீடு கட்டுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! ஹார்வியில் அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கித் தேங்கி அந்த வீடுகளுக்குள் ஏறியது. ஆகஸ்ட் 28 அதிகாலை மதகைத் திறந்தார்கள். அணைக்குக் கீழே, பஃபலோ பாயூ ஓரத்து வீடுகளும் போயின. தாங்கள் நீர்த்தேக்கத்துக்குள் குடியிருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. வழக்கு நடந்து, மேல்பக்க வீடுகளுக்கு அரசே பொறுப்பு என்று 2019இல் தீர்ப்பு வந்தது.

அதே வருஷம் டெக்சஸ் சட்டத்தையும் மாற்றினார்கள். வீடு நீர்த்தேக்கப் பகுதியில் இருக்கிறதா, முன்பு தண்ணீர் புகுந்ததா என்று விற்பவர் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தை வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படியுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும்போது, அந்தத் தெருவில் நாய் நடத்திக்கொண்டு போகிற வயதான ஆள் யாராவது இருந்தால் நிறுத்திக் கேளுங்கள்: ஹார்வியில் இங்கே எதுவரை வந்தது? முழங்கால் என்று காட்டுவார், இல்லை கையை விரிப்பார். எந்த வரைபடத்தையும்விட நான் அதை நம்புவேன்.

இன்சூரன்ஸ் எடுங்கள். அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருட்களுக்கு 1,00,000. வழக்கமாக பாலிசி நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்தபின் போன் போட்டுப் பயனில்லை.

*

அப்பா அம்மா ஆறு மாத விசாவில் மதுரையிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இன்சுலின், அம்மாவுக்கு இரவில் மூச்சுக் கருவி. நாங்கள் இருக்கும் இடத்தில் வெள்ளம் வராது. அப்படியென்றால் கவலை இல்லைதானே?
– வாசகர், உட்லண்ட்ஸ்

வெள்ளம் வராது என்றாலும் நீங்கள்தான் முதலில் கிளம்ப வேண்டும். 2024 ஜூலையில் பெரில் வந்தது. முதல் நிலைச் சூறாவளிதான். 20 லட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போயிற்று, பல இடங்களில் நாள் கணக்கில் வரவில்லை. ஜூலை வெயிலில் ஏசி இல்லாமல் வயதானவர்கள் சுருண்டு விழுந்தார்கள். மூச்சுக் கருவி கரண்டில் ஓடுவது என்றால், புயல் வருமா வராதா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போதே சான் அன்டோனியோவிலோ ஆஸ்டினிலோ அறை போட்டுவிடுங்கள். வராமல் போனால் அவர்களுக்கு ஆற்றோர நடைபாதையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்புங்கள்.

கார் ஓட்ட யாரும் இல்லாத வீடுகளுக்கு: 211க்கு போன் செய்து, கிளம்ப உதவி தேவைப்படுவோர் பட்டியலில் பெயரைக் கொடுக்கலாம். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

பெரும்பாலான இன்சுலின் வகைகள் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 28 நாள் தாங்கும். ஆனால் ஏசி நின்ற ஹூஸ்டன் அறை அந்தக் கணக்கில் வராது. டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஃப்ரீசரில் விட்டுப்போகிற சாப்பாட்டுக்கு ஒரு சோதனை: கிளம்பும் முன் அதில் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதை அப்படியே குப்பையில் போடுங்கள், மோந்து பார்க்க வேண்டாம். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கூடாது. புகையே தெரியாமல் கொல்லும்.

*

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். வீடு மூழ்கினால் ஃபீமா பணம் கிடைக்குமா? முகாமில் விசா கேட்பார்களா?
– பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

எச்-1பிக்காரர் பெயரில் ஃபீமா (மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பண உதவி கிடையாது. கிரீன் கார்டு இருந்தால் உண்டு. ஆனால் உங்களோடு வசிக்கும் மைனர் பிள்ளை இங்கே பிறந்த குடிமகன் என்றால், அந்தப் பிள்ளையின் பெயரில் நீங்கள் விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். இது தெரியாமல் பேசாமல் இருந்துவிடுகிற நம்மவர்கள் நிறைய.

முகாமுக்கு விசா வேண்டாம். ஹார்வி சமயத்திலும் இந்த வதந்தி ஓடியது. எந்த முகாமிலும் கேட்கமாட்டோம் என்று ஹூஸ்டன் மாநகரமே அறிவிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு மாநாட்டு மையத்தில் பத்தாயிரம் பேர் வரை தங்கினார்கள். காரைப் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்: வெள்ளத்தில் போன காருக்குப் பணம் வேண்டுமென்றால் காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். மாதம் கொஞ்சம் மிச்சம் என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

*

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பரணில் ஒரு கோடாரி வைத்திருக்கிறார். கேட்டால் சூறாவளிக்காம். வேடிக்கையாக இல்லை?
– வாசகி, பியர்லண்ட்

இல்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. இங்கே ஒற்றை மாடி வீட்டின் பரணுக்கு ஜன்னல் கிடையாது, மொட்டை மாடிக்கு வழியும் கிடையாது. கத்ரீனாவில் தண்ணீர் ஏற ஏறப் பரணுக்குப் போனவர்கள் கூரையை உடைக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். ஹார்வியில் அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது: உடைக்கக் கையில் ஏதும் இல்லையென்றால் பரணுக்குப் போகாதே, கூரைமேல் ஏறு.

நீங்களும் ஒன்று வாங்குங்கள், சிறியதே போதும். பரண் படி திறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள். கராஜில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் அல்ல.