உச்சம் வருகிறது, விந்து வரவில்லை: மாத்திரையா, சர்க்கரையா?

கேள்வி: எனக்கு வயது 53. பதினோரு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இரவில் நாலைந்து முறை ஒன்றுக்குப் போக எழுந்திருக்க வேண்டியிருந்தது. புராஸ்டேட் வீக்கம் என்று சொல்லி டாக்டர் இரவில் போட ஒரு மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதமாகப் போடுகிறேன், அந்தத் தொந்தரவு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் உறவின்போது எழுச்சியிலும் உச்சத்திலும் குறை இல்லாமலே, விந்து ஒரு துளிகூட வெளியே வருவதில்லை. பிறகு போகும் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆண்மை போய்விட்டதா? புற்றுநோயா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் லேகியத்தில் சரியாகும் என்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். எழுச்சியும் உச்சமும் சரியாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆண்மை எங்கும் போகவில்லை. விந்து போகும் திசைதான் மாறியிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் புற்றுநோயைச் சுட்டும்படி எதுவும் இல்லை.

விந்து முழுவதும் விரையிலிருந்து வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். விரையிலிருந்து வரும் உயிரணுக்கள் அதில் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இருக்காது. மீதியெல்லாம் விந்துப்பைகளும், சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர். உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசை இறுக மூடிக்கொள்ளும். அதனால்தான் விந்து முன்பக்கமாக வெளியே வருகிறது. அந்தக் கழுத்து மூடாவிட்டால் விந்து பின்னால் திரும்பிச் சிறுநீர்ப்பைக்குள் விழுந்துவிடும். அடுத்து ஒன்றுக்குப் போகும்போது சிறுநீரோடு வெளியேறிவிடும். நீங்கள் பார்த்த கலங்கல் பெரும்பாலும் அதுதான். இதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

சரி, கழுத்து ஏன் மூடவில்லை? உங்களுக்கு இரண்டு காரணங்கள் இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று, அந்த மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டையில் டாம்சுலோசின் அல்லது சிலோடோசின் என்று இருக்கிறதா பாருங்கள். சிறுநீர் தடையில்லாமல் போவதற்காக அந்தக் கழுத்தையும் புராஸ்டேட்டையும் தளர்த்துவதுதான் இவற்றின் வேலை. தளர்ந்த கழுத்து உச்சத்தின்போதும் தளர்ந்தே இருந்துவிடுகிறது. சிலோடோசின் போடுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. சிலருக்கு விந்து பின்னால்கூடப் போகாது, உள்ளேயிருந்து தள்ளப்படுவதே நின்றுபோகும். அவர்களுக்குச் சிறுநீர் கலங்காது. கூடவே டுடாஸ்டிரைடு என்ற பெயரும் இருந்தால், அதுவும் விந்தின் அளவைக் குறைக்கக்கூடியது.

இன்னொன்று சர்க்கரை. பல வருடம் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை அந்தக் கழுத்தை மூடவைக்கும் நரம்புகளையும் விட்டுவைக்காது. மாத்திரைக்கு முன்பு எல்லாம் சரியாக இருந்து, ஆரம்பித்த சில நாட்களில் திடீரென்று நின்றதா? அப்படியானால் மாத்திரைதான் காரணமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வருடமாகவே அளவு குறைந்துகொண்டு வந்ததா? அப்படியானால் சர்க்கரைக்கும் இதில் பங்கு இருக்கலாம். பாதத்தில் எரிச்சல், மரத்துப்போவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது என்று நரம்பு பாதிப்பின் மற்ற அடையாளங்கள் உண்டா என்றும் யோசித்துப் பாருங்கள். மாத்திரை காரணமாக இருந்தால் மருந்தை மாற்றியதும் பழையபடி ஆகிவிடும். நரம்பு பாதிப்பு அவ்வளவு எளிதாகத் திரும்பாது. எனக்கு அக்கறை விந்தைவிட உங்கள் சர்க்கரை மேல்தான். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை எப்போது கடைசியாகச் செய்தீர்கள்?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய தொந்தரவு திரும்பும். சிலருக்குச் சிறுநீர் மொத்தமாக அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் டியூப் போட ஓட வேண்டிவரும். மாத்திரை எழுதிய டாக்டரிடமே போய், 'இதைப் போட ஆரம்பித்ததிலிருந்து உச்சம் வருகிறது, விந்து வருவதில்லை' என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். அவர் தினமும் கேட்கிற புகார்தான் இது. அல்ஃபுசோசின் போல இந்தத் தொல்லை குறைவாக உள்ள மாத்திரைக்கு மாற்றிக் கொடுக்கலாம். உங்களுக்கு இது பொருட்டில்லை என்றால் இதையே தொடரவும் செய்யலாம். சந்தேகம் தீர வேண்டுமென்றால் உச்சத்துக்குப் பிறகு போகும் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தால் லேபில் பார்த்துவிடுவார்கள். உயிரணுக்கள் இருந்தால் விந்து பின்னால் போவது உறுதி. (கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ள நேர்ந்தால், இந்த மாத்திரை போடுவதைக் கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் முறையையே அது மாற்றும்.)

லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து என்று சொல்லிப் பயமுறுத்தித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதில் துளியும் உண்மை இல்லை. ஆண்மை லேகியம், பொடி என்று விற்பவற்றில் எழுச்சிக்கான ஆங்கில மருந்தான சில்டெனாஃபில் (வயாகரா) ரகசியமாகக் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் போடும் வகை மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவருக்கு உயிருக்கே ஆபத்து.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒதுங்குவதைப் பார்த்து, தன் மேல்தான் ஏதோ குறை என்று அவர் மனதுக்குள் மருகிக்கொண்டிருக்கலாம். மாத்திரையால் வந்திருக்கும் போலிருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் போதும். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இதே கவலையோடு படிக்கும் மற்றவர்களுக்கும் சில வார்த்தைகள். வயது ஏற ஏற விந்தின் அளவும் வேகமும் கொஞ்சம் குறைவது இயல்பு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் உச்சத்தைத் தாமதமாக்கும். புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு விந்து பின்னால் போவது மிகச் சாதாரணம். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி என்றால் தள்ளிப்போடாமல் யூராலஜிஸ்டை (சிறுநீர்ப் பாதை நிபுணரை) பாருங்கள். சிறுநீரிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்தெடுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியும்.

விந்தில் ரத்தம் கண்டால், சிவப்பாக இருந்தாலும் காப்பி நிறத்தில் இருந்தாலும், பதறாதீர்கள். இளம் வயதில் ஒருமுறை வந்து தானாக நிற்பது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. நாற்பது தாண்டியவர்கள், மறுபடி மறுபடி பார்ப்பவர்கள், சிறுநீரிலும் ரத்தம் காண்பவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். புராஸ்டேட்டை மட்டுமல்ல, நம் நாட்டில் காசநோயையும் அதில் தேட வேண்டியிருக்கிறது. விந்து வரும்போது வலி, விரையில் கட்டி என்றால் அந்த வாரத்துக்குள் போய்விடுங்கள். காய்ச்சலோடு நீர்க்கடுப்பு என்றால் அன்றே போய்விடுங்கள். விரை திடீரென்று கடுமையாக வலித்து வீங்கினாலும், முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய்ச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.