கண்ணாடிக் கூண்டின் மேல் ஓர் இறக்கை

அன்புள்ள ஐயா,

மாதிரி விமானங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இதுவரை பெரிய நிறுவனங்களின் கிட்டுகளைத்தான் கட்டியிருக்கிறேன். இம்முறை ஆசைப்பட்டு 1/72 அளவில் ஒரு வெஸ்ட்லண்ட் லைசாண்டர் வாங்கினேன். 1942ல் பர்மாவில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்க்வாட்ரன் ஓட்டிய விமானம் என்பதால் அதையே கட்டவேண்டும் என்று ஒரு பிடிவாதம். பெட்டியைத் திறந்ததும் மனம் விட்டுப்போயிற்று. ஷார்ட் ரன் கிட், குறைந்த எண்ணிக்கையில் தயாரிப்பது. பாகங்களைச் சேர்க்க ஊசியும் இல்லை, துளையும் இல்லை. இறக்கையின் பின்விளிம்பு பட்டையாக நிற்கிறது. கேனபி என்கிற கண்ணாடிக் கூண்டு வேக்யூம் ஃபார்ம், சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் உறிஞ்சி எடுத்தது. போதாததற்கு மொத்த இறக்கையும் அந்தக் கேனபியின் மேலேயே உட்காரவேண்டும் போலிருக்கிறது. ரெசினில் வார்த்த காக்பிட் (விமானி அறை), போட்டோ எட்ச் எனும் அமிலத்தால் அரித்து வெட்டிய உலோகத் தகட்டுப் பாகங்கள், புது எஞ்சின் எல்லாம் வாங்கிப் போட்டால் இதைத் தேற்றிவிட முடியுமா? அல்லது பெட்டியை மூடிவைத்துவிட்டு, கொஞ்சம் சுலபமான கிட்டில் கை பழகியபின் வரட்டுமா?

ர.

அன்புள்ள ர,

மூடிவைக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் கையால் சரிசெய்யக்கூடியவை. ஆனால் கடையில் வாங்கும் பாகங்களிலிருந்து தொடங்கினால் அவை சரியாகா. ரெசின் காக்பிட்டைக் கோணலான உடலுக்குள் வைத்தால் உங்களிடம் இருப்பது விலையுயர்ந்த காக்பிட் கொண்ட கோணல் விமானம், அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கிட் ஏன் அப்படி இருக்கிறது என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் கெட்டியான எஃகில் அச்சு வெட்டி, அதிக அழுத்தத்தில் பிளாஸ்டிக்கைச் செலுத்துகின்றன. அந்த அச்சின் செலவை ஈடுகட்ட நிறையப் பெட்டிகள் விற்றாக வேண்டும். ஷார்ட் ரன் கிட்டுக்கு மலிவான, மென்மையான அச்சும் குறைந்த அழுத்தமும்தான். அந்த அழுத்தத்தில் மெல்லிய பாகம் நிரம்பாது. அதனால் எல்லாம் தடிமனாக வரும், விளிம்பில் பிசிறு இருக்கும், ஸ்ப்ரூவோடு, அதாவது பாகங்களைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, சேரும் இடம் விரல் கனத்தில் இருக்கும். அங்கே கட்டர் வைத்து நறுக்கினால் பாகமும் சேர்ந்து பிய்ந்துவரும். மெல்லிய ரம்பத்தால் சற்றுத் தள்ளியே அறுத்து, மிச்சத்தை அரத்தால் இறக்குங்கள். தொடங்குமுன் ஸ்ப்ரூக்களைச் சோப்புநீரில் ஒருமுறை கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு இந்த வகைக் கிட்டுகளில் அதிகம், அதன்மேல் பெயிண்ட் நிற்காது.

இனி இறக்கை. என்னைக் கேட்டால் இந்த மாதிரியில் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு போகவேண்டிய இடம் அதுதான். அசல் இறக்கையின் நீளம் 15.24 மீட்டர், உங்கள் மேஜையில் 21 செ.மீ.க்குச் சற்று மேல். மேல்பாதியின் பின்விளிம்பு 0.6 மி.மீ., கீழ்ப்பாதி 0.6 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒட்டியபின் 1.2 மி.மீ. அதை 72ஆல் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 86 மி.மீ. அசல் விமானத்தில் அது கத்திபோல் முடிகிற இடம். பார்ப்பவருக்கு ஸ்ட்ரக்சர் தெரியாது, வரலாறு தெரியாது. ஆனால் இந்தத் தடிமனைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும், இது பொம்மை என்று சொல்லிவிடும்.

செய்முறை இது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் 240 நம்பர் நீர் உப்புத்தாளை ஒட்டுங்கள். இறக்கைப் பாதியின் உட்பக்கத்தில், பின்விளிம்பை ஒட்டி இரண்டு செ.மீ. அகலத்துக்குக் கறுப்பு மார்க்கரால் பூசுங்கள். உட்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, விரல்களைப் பின்விளிம்பின்மேல் மட்டும் அழுத்தித் தேயுங்கள். மை எங்கே போகிறதோ அங்கே தேய்கிறது, எங்கே இருக்கிறதோ அங்கே இன்னும் படவில்லை. மை ஒரே சீராக மறைந்துவந்தால் கை சரியாக இருக்கிறது என்று பொருள். அவ்வப்போது விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். விளிம்பில் வெளிச்சம் ஊடுருவத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். முன்விளிம்பில் அழுத்தம் போகக்கூடாது. போனால் இறக்கையின் மொத்தக் கனமும் குறைந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

தேய்க்கும்போது லைசாண்டர் இறக்கையின் வடிவத்தை மறக்கவேண்டாம். உடலோடு சேரும் இடத்தில் அது குறுகல், நடுவில் அகலம், நுனியில் மறுபடி குறுகல். விமானி தரையைப் பார்ப்பதற்காக வேர்ப்பகுதியை அகலத்திலும் கனத்திலும் குறைத்திருக்கிறார்கள். நேர்கோட்டில் தேய்த்துக்கொண்டே போனால் அந்த அழகு போய்விடும். துணிபோர்த்திய பரப்பில் விலா எலும்புபோல் மேடுபள்ளம் இருந்தால் அதையும் லேசாக இறக்குங்கள். டோப் என்ற இறுக்கும் பூச்சு பூசிய துணி இழுத்துக் கட்டியதுபோல் நிற்கும். பல கிட்டுகளில் அது தொய்ந்து கிடக்கிறது. முழுக்க வழித்துவிடவும் கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அளவு இருந்தால் போதும்.

அடுத்தது உடல். ஊசியும் துளையும் இல்லாததைக் குறையாக எண்ணவேண்டாம், நீங்கள் நினைத்த இடத்தில் சேர்த்துக்கொள்ளும் சுதந்திரம் கிடைக்கிறது. பிளாஸ்டிக் ஷீட்டில் சிறு துண்டுகள் வெட்டி, ஒரு பாதியின் உள்விளிம்பில் பாதி வெளியே நீட்டியபடி வரிசையாக ஒட்டுங்கள். மறுபாதி அதில் வந்து உட்காரும். முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். வால் பக்கமிருந்து இரண்டு மூன்று செ.மீ., அது இறுகியதும் அடுத்த இரண்டு மூன்று செ.மீ. இதில் ஒன்றை மட்டும் எப்போதும் கண்முன் வைத்திருங்கள்: சேரும் விளிம்புகளைத் தேய்க்கத் தேய்க்க உடல் ஒடுங்கும், கேனபி ஒடுங்காது. ஒவ்வொரு தேய்ப்புக்குப் பிறகும் கேனபியை மேலே வைத்துப் பாருங்கள். உடல் ஒடுங்கியது தெரிந்தால் இணைப்பில் 0.25 மி.மீ. ஷீட்டை ஓர் இழையாகக் கொடுத்து அகலத்தை மீட்டுக்கொள்ளலாம். கேனபி ஓரத்தில் புட்டி வைத்து மெழுகுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது உங்களை மிகவும் பயமுறுத்திய விஷயம், கேனபியின்மேல் இறக்கை. அசல் விமானம் எப்படி நிற்கிறது என்று பாருங்கள், வழி அங்கேயே இருக்கிறது. லைசாண்டரின் இறக்கையைக் கண்ணாடி தாங்கவில்லை. உள்ளே உலோகக் குழாய்களாலான ஒரு சட்டகம் தாங்குகிறது. கண்ணாடி அதன்மேல் போர்த்திய மூடிதான். வெளியே இருபுறமும் வி வடிவத் தாங்குதண்டுகள் இறக்கையிலிருந்து இறங்கிச் சக்கரக்காலில் வந்து சேர்கின்றன. சக்கரக்கால்கள் இரண்டும் தனித்தனிக் கால்கள் அல்ல. உடலுக்குக் குறுக்கே போகும் வலுவான ஒரே அலுமினிய வளைவு. சட்டகம், தண்டு, வளைவு: பாரம் போகும் பாதை அந்த மூன்றும்தான். மாதிரியிலும் பாரத்தை அதே பாதையில் அனுப்புங்கள். கட்டுபவருக்கு விமானத்தை வடிவமைத்தவரே யோசனை சொல்லும் இடம் இது. எனக்கு இந்த விமானத்தின்மேல் இவ்வளவு பிரியம் இருப்பதற்கும் அதுவே காரணம்.

முதலில் கால்கள். ஒரு பித்தளைக் கம்பியை உடலின் அடியில் குறுக்கே செலுத்தி, இரண்டு காலுக்குள்ளும் இறங்கும்படி வளையுங்கள். பிளாஸ்டிக் கால்களில் துளையிட்டு அதன்மேல் செருகிவிடலாம். பிறகு சட்டகம். 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் கோல்போஸ்ட் வடிவத்தில் இரண்டு செய்து, காக்பிட்டின் பக்கச்சுவர்களில் ஊன்றுங்கள். உச்சி, கேனபி கூரையின் உட்புறத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கவேண்டும். இறக்கை வேரில் துளையிட்டு ஒரு கம்பியை ஊன்றி வையுங்கள். அது கேனபியின் பக்கவாட்டுத் துளைவழியாக நுழைந்து சட்டகத்தில் போய்ச் சேரும். கேனபிக்குள் துளையிடும்போது பின் வைஸ் என்ற சிறு கைத்துளைப்பானை விரலால் மெல்லத் திருப்பினாலே போதும், அவசரப்பட்டால் விரிசல் ஓடும். உள்ளே பெயிண்ட் எல்லாம் முடித்து, கேனபியை ஒட்டி, அதற்குப் பிறகே இறக்கை.

இறக்கையைப் பொருத்தும்போது எல்லாவற்றையும் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். இறக்கைகளை ஒரு தட்டையான பலகையில் முதுகு கீழே இருக்கும்படி வைத்து, வரைபடத்தில் உள்ள சாய்மானம் வரும்படி முட்டுக்கொடுத்து, மேலிருந்து உடலைக் கவிழ்த்து இறக்குங்கள். பசை இறுகும்முன் டிவைடரை எடுத்து வால்முனையிலிருந்து இடது இறக்கை நுனிக்கும் வலது நுனிக்கும் உள்ள தூரத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும். கவிழ்ந்த நிலையில் வி தண்டுகளும் மேலிருந்தே இறங்கும் என்பதால் கைக்கு வசதி. கிட்டில் உள்ள தண்டுகள் தடியாக இருந்தால் இறக்கை வெட்டுமுகம் கொண்ட பிளாஸ்டிக் தண்டில் புதிதாகச் செய்து, இரு முனையிலும் கம்பி ஊன்றிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கூடுதல் பாகங்கள். லைசாண்டரில் காக்பிட் முழுக்க வெளியே தெரியும். ஆகவே உள்ளே வேலை செய்வது வீணல்ல. ஆனால் கண்ணில் படுவதில் பெரும்பாலானவை குழாய்கள். போட்டோ எட்ச் தட்டையான தகடு, அதில் குழாய் செய்தால் ரிப்பன்போல் தெரியும். ஓர் அங்குலக் குழாய் இந்த அளவில் 0.35 மி.மீ. ஸ்ப்ரூவை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் அந்தக் கனத்தில் உருண்டையான இழை கிடைக்கும், காசில்லாமல். போட்டோ எட்சை சீட் பெல்ட்டுக்கும் கருவிப் பலகைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் வாங்குமுன் ஒரு விஷயம். முதலாம் ஸ்க்வாட்ரன் வைத்திருந்தது லைசாண்டர் இரண்டாம் வகை. அதில் இருந்தது பிரிஸ்டல் பெர்சியஸ். முதல் வகையிலும் மூன்றாம் வகையிலும் பிரிஸ்டல் மெர்க்குரி. இரண்டும் ஒன்பது சிலிண்டர்களை வட்டமாக அடுக்கிய ரேடியல்தான், ஆனால் பெர்சியஸ் ஸ்லீவ் வால்வ் எஞ்சின், சிலிண்டருக்குள் நகரும் ஓர் உறையே அதில் வால்வு. மெர்க்குரியில் சிலிண்டருக்கு முன்னால் தெரியும் புஷ்ராடுகள், அதாவது வால்வை இயக்கும் தண்டுகள், பெர்சியஸில் கிடையா. புஷ்ராடுகளோடு வரும் ரெசின் எஞ்சினை வாங்கி வைத்தால் காசைக் கொடுத்து விமானத்தைத் தப்பாக்கியதாக ஆகும்.

பேனல் கோடுகளை, அதாவது தகடுகள் சேரும் இடத்துக் கோடுகளை, அழித்து மறுபடி கீறவேண்டும் என்று நினைக்காதீர்கள். உடலின் பின்பகுதியும் இறக்கையும் துணி, அங்கே உலோகத்தகடுபோல் கோடு இருந்தால்தான் தப்பு. முன்பகுதித் தகடுகளில், தேய்த்ததில் மறைந்த கோடுகளை மட்டும் மீட்டால் போதும். கோடு போகவேண்டிய இணைப்பில் சூப்பர் க்ளூவோடு டால்கம் பவுடர் கலந்து நிரப்புங்கள், ஊசியால் கீறினால் உதிராது. ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் தேயும், அது தேயாது. ரெசினைத் தேய்ப்பதானால் முகக்கவசம் போட்டு, நீர்விட்டுத் தேயுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பெயிண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்கு அது தெரிந்திருக்கும். சாம்பல் ப்ரைமர் ஒன்றை இடையில் அடித்துப் பாருங்கள், விட்டுப்போன இணைப்பெல்லாம் தானே வெளிவரும்.

சுலபமான கிட்டில் கை பழகிவிட்டு வரலாமா என்ற கேள்விக்கு: மேலே சொன்ன எதையும் சுலபமான கிட் கற்றுத்தராது, அங்கே அதற்குத் தேவையே இல்லை. இதிலேயே பழகுங்கள். இவ்வகைக் கிட்டுகளில் வேக்யூம் ஃபார்ம் கேனபி இரண்டு வைத்திருப்பது உண்டு, பெட்டியைப் பாருங்கள். இரண்டு இருந்தால் ஒன்று பழகுவதற்கு. கேனபியைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்க, உள்ளே களிமண்ணை அடைத்து, புது பிளேடால் ஒரே கோட்டில் அழுத்தாமல் பலமுறை வருடுங்கள், தானே பிரிந்துவரும். ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியைப் பனிமூட்டமாக்கிவிடும். வெள்ளைப் பசை போதும், பாரம் எதுவும் அதன்மேல் இல்லையே. ஒரே ஒரு கேனபிதான் இருக்கிறது என்றால் எழுதுங்கள். அதையே அச்சாக வைத்து இன்னொன்று இழுத்தெடுக்கும் முறையைத் தனியாக எழுதுகிறேன்.