தக்காளி வேர்: விகாரமா, தட்டின் கோளாறா?

(ஊர்ப் பெயரோடு வருவது அந்த ஊர்க்காரர் கேட்டது, கீழே அதற்கான பதில்.)

ஹட்டன்: அண்ணே, தட்டுல 200 நாற்று. ரெண்டுக்குப் பக்க வேரே இல்லை. விகாரம்தானே?

விகாரமென்றால் பரம்பரையலகில் வந்த மாற்றம். அதை வேரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிடுங்கி, தண்ணீரில் அலசிப் பாருங்க. நுனி பழுப்பாகிக் குழைந்திருந்தால் அழுகலாக இருக்கலாம், அல்லது உரம் கூடிப்போயிருக்கலாம். மூல வேர் கொக்கி மாதிரி மடங்கியிருந்தால் நாற்றைப் பிரித்து நட்ட கை செய்த வேலை. நுனி வெள்ளையாக, ஒரு கிளைகூட இல்லாமல் தூண்டில் நரம்பு மாதிரி நீண்டு தொங்கினால்தான் சந்தேகம். அப்போது மேலே பாருங்க. தண்டு நிமிராமல் சாய்ந்தே வளர்கிறதா, இலை கரும்பச்சையாகச் சுருண்டிருக்கிறதா? எல்லாம் சேர்ந்திருந்தால் 'டயஜியோட்ரோபிகா' விகாரம்போல இருக்கிறது. சைக்ளோபிலின் என்ற புரதத்துக்கான பரம்பரையலகு பழுதானது அது. வேர்விடச் சொல்லும் ஹோர்மோனான ஒட்சின் இருக்கும், ஆனால் அதன் பேச்சு செடிக்குக் கேட்காது.

ஹட்டன்: அப்போ வேர்விடும் ஹோர்மோன் தூள் போட்டா?

வீண் செலவு. அந்தத் தூளும் ஒட்சின் வகைதான். ஆனால் இந்த விகாரச் செடியின் வேர்மேல் நல்ல செடியின் தலையை ஒட்டினால் பக்க வேர் வருகிறது. மேலிருந்து அந்தப் புரதம் இறங்கி வேருக்குப் போய்விடுகிறது. தோட்டத்துக்கு உதவாது, ரசிக்கலாம்.

இராகலை: மழைக்குப் பிறகு தண்டின் அடியில் வெள்ளை மொட்டு மொட்டா வந்திருக்கு.

வேர் முளைதான், நோயில்லை. மண்ணில் நீர் தேங்கி மூச்சு முட்டும்போது செடியில் எதிலீன் என்ற வாயு ஹோர்மோன் கூடி, தண்டிலிருந்து வேர் கிளம்பும். ('நெவர் ரைப்' விகாரத்துக்கு எதிலீனைச் சரியாக உணரத் தெரியாது, அதில் இப்படிக் குறைவாகவே வரும்.) வாய்க்காலை ஆழப்படுத்தி, மண் வடிந்ததும் அடியில் மண் அணையுங்க.

வெலிமடை: வேரெல்லாம் முடிச்சு. எதிர்ப்பு ரகம்னு சொல்லித்தான் விதை வாங்கினேன், அக்கா ஒருத்தர் விகாரம்னு சொல்றாங்க.

விகாரமில்லை, வேர்முடிச்சு வட்டப்புழு. பெருவியானம் என்ற காட்டுத் தக்காளியிலிருந்து வந்த எம்.ஐ. பரம்பரையலகுதான் எதிர்ப்பைத் தருகிறது. மண் சூடு 28 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது கைவிட்டுவிடும். பொலித்தீன் கூடமென்றால் மதியம் வெப்பமானியை 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் குத்திப் பாருங்க. அடுத்த போகத்துக்குக் கரட்டோ உருளைக்கிழங்கோ போட்டால் அங்கும் புழு பெருகும்.

பண்டாரவளை: விகாரச் செடியோட கூடப்பிறந்த நல்ல செடியில விதை எடுக்கலாமா?

டயஜியோட்ரோபிகா ஒடுங்கியிருக்கும் குணம், தாய் தகப்பன் இரு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். நல்லதாகத் தெரியும் மூன்றில் இரண்டு அதை மறைத்துச் சுமக்கும். ஒவ்வொரு செடியின் விதையிலும் 16 எடுத்துத் தனித்தனியே போடுங்க. நல்லதென்று தெரிந்த செடியின் 16-ம் சுத்தமாக வந்தால் மறைந்திருக்க வாய்ப்பு நூற்றில் இரண்டு. கலப்பின விதையென்றால் இந்தக் கணக்கை விடுங்க, அடுத்த தலைமுறை எப்படியும் பலவிதமாகச் சிதறும்.